கம்பெனித் துரைமாருக்கு ஒரு பாராட்டு மடல்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய கிழக்கிந்திய ரயில்வே கம்பெனியின் பங்குதாரப் பெருமக்களே!



ஓய்வு பெறும் தாசில்தாருக்கும், கட்சி மாறி வந்த வட்டச் செயலாளருக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பாராட்டு மடல் வாசிக்கிறவர்கள் நாங்கள். தங்களுக்கு மட்டும் இதுவரை ஒரு சால்வைகூடப் போர்த்தவில்லை. ஆனால் புகழ் பாடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. டி.வி. விவாதம் எதுவானாலும் கடைசியில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன் நமக்கு ரயில் விட்டானே” என்பார். எதிரே இருப்பவரும் தலையை ஆட்டி வைப்பார். வெறும் வாயால் புகழ்ந்தால் போதுமா? தேதியும் தொகையும் போட்டு எழுத்தில் புகழ வேண்டாமா? அதற்காகவே இந்த மடல்.

கொடை வள்ளல்களே!

1845-இல் லண்டனில் கடை திறந்தீர்கள். மேனேஜிங் டைரக்டர் ரோலண்ட் மக்டொனால்ட் ஸ்டீபன்சன் துரைக்கு வங்காளத்தில் ரயில் விட்டே தீர வேண்டும் என்று அப்படி ஒரு தாகம். ஆனாலும் நாலு வருஷம் வங்காளத்தில் ஒரு கூடை மண் விழவில்லை. கொடுக்க வந்த வள்ளல்கள் முதலில் ஜாமீன் கேட்டதுதான் காரணம். 1849 ஆகஸ்ட் 17-இல், அன்று நாட்டை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனி கையெழுத்துப் போட்ட பிறகே தங்கள் கருணை ஊற்றெடுத்தது.

என்ன ஜாமீன்? நிலம் இலவசம். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் வட்டி நிச்சயம். ரயில் ஓடினாலும் வட்டி, ஓடாவிட்டாலும் வட்டி. வரும்படி போதாவிட்டால் குறைகிற தொகையை இந்திய வருவாயிலிருந்து சர்க்கார் கட்டும். அந்த வருவாய் எது? வங்காளத்துப் பர்த்வான் குடியானவன் கட்டிய நிலவரி, அவன் சோற்றில் போட்ட உப்புக்குக் கட்டிய வரி. லண்டனில் சர்க்கார் பத்திரம் வாங்கியிருந்தால் 3 சதவீதத்தைச் சுற்றித்தான் தங்களுக்குக் கிடைத்திருக்கும்.

நம் வீட்டுத் திண்ணையில் ஒருவன் வாடகை இல்லாமல் கடை போடுகிறான். வியாபாரம் ஓடாத மாதம் அவன் முதலுக்கு வட்டியை நாம் கட்ட வேண்டும். ஓடுகிற மாதம் லாபத்தில் அவனுக்கும் பங்கு. நூறு வருஷம் கழித்து அவன் பேரன் வந்து, “உங்கள் தெருவுக்குக் கடை கொடுத்ததே எங்கள் தாத்தாதான்” என்கிறான். நாமும் மோர் கொடுத்து உட்கார வைக்கிறோம். தங்கள் கொடையின் மகிமை இதுதான்.

இதை நான் வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. வைஸ்ராய் சபையில் நிதி இலாகாவைப் பார்த்த மாஸி துரை, 1872-இல் பார்லிமெண்டுக் கமிட்டி முன்னால் நின்று சொன்னதே இதுதான்: 5 சதவீதம் உறுதியான பிறகு, கொடுத்த பணம் செங்கல்லாகிறதா, ஹூக்ளி ஆற்றில் கொட்டப்படுகிறதா என்று லண்டன் முதலாளிக்குக் கவலையே இல்லை. தங்கள் பாதைக்கு மைலுக்கு 30,000 பவுண்டு வாக்கில் செலவானதையும் அவரே சொன்னார். செலவு ஏற ஏற வட்டியும் ஏறும் என்றால் சிக்கனம் பிடிக்க எவனுக்குப் பைத்தியம்?

தீர்க்கதரிசிகளே!

1854 ஆகஸ்ட் 15-இல் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் கிளம்பியது. 24 மைல். அதற்குள் பட்ட பாடு கொஞ்சமா? மாதிரிப் பெட்டிகளை ஏற்றி வந்த கப்பல் ஹூக்ளி முகத்துவாரத்தில் மூழ்கியது. இஞ்சினை ஏற்றிய கப்பல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. கங்கைக் கரைக்குப் போக வேண்டிய சரக்கு கங்காருவைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. சந்திரநாகூரில் பிரெஞ்சுக்காரன் இடத்தின் வழியாகப் பாதை போக வேண்டியிருந்ததில் இன்னும் தாமதம். வட்டி மட்டும் எந்தக் கப்பலிலும் மூழ்கவில்லை, எந்தக் கண்டத்துக்கும் வழி தவறிப் போகவில்லை.

கல்கத்தாவுக்கு ரயில் வந்தது என்று உலகமே கொண்டாடியது. ரயில் என்னவோ ஆற்றுக்கு அக்கரையிலேயே நின்றது. படகேறி ஹவுராவுக்குப் போனால்தான் ரயிலைக் கண்ணால் பார்க்கலாம். மிதவைப் பாலமே 1874-இல்தான் வந்தது. இருபது வருஷம் கல்கத்தாவின் ரயில் கல்கத்தாவைத் தொடவில்லை.

ராஜ்மகாலை மறந்தால் மடல் நிறைவு பெறாது. கங்கையில் வரும் படகுச் சரக்கையெல்லாம் வளைத்துப் போட அந்த ஊர்வரை பாதை போட்டீர்கள். 1860-இல் பாதை திறந்தபோது ஸ்டேஷன் காலடியிலேயே ஆற்றின் கிளை ஓடியது, நீராவிப் படகு வந்து நின்றது. மூன்று நாலு வருஷத்தில் கங்கை அந்தப் படுகையையே விட்டு மூன்று மைல் தள்ளிப் போய்விட்டாள். பகீரதன் தவமிருந்து வரவழைத்தவள், தங்கள் ஸ்டேஷனைப் பார்த்ததும் விலகிப் போனாள்.

ஏழை பங்காளர்களே!

ராஜ்மகால் மலையடிவாரத்தில் மண் வெட்டியவர்கள் சந்தால் பழங்குடிகள். ஏற்கெனவே ஜமீன்தாரும், வட்டிக்கடை மகாஜனும், போலீஸ் தாரோகாவும் அவர்களைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ரயில் வேலைத் துரைமாரும் சேர்ந்தார்கள். காசு கொடுக்காமல் ஆட்டுக்குட்டியைப் பிடித்துப் போனார்கள், கோழியைத் தூக்கிப் போனார்கள், பெண்களைக் கடத்திப் போனார்கள். அந்தக் காலத்துக் கல்கத்தா ஆங்கிலப் பத்திரிகையே இதையெல்லாம் அச்சிட்டது. ஐந்து சதவீதத்தில் ஒரு பைசா குறைந்தால் பார்லிமெண்டில் கேள்வி கேட்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு கோழிக்கு விலை கொடுக்கத் தெரியவில்லை.

1855 ஜூன் 30-இல் போக்னாடியில் சந்தால் தலைவர்கள் சிதோவும் கானுவும் கூட்டிய கூட்டம் கிளர்ச்சியானது. சந்தால்கள் அதை ‘ஹூல்’ என்கிறார்கள். வில்லும் அம்புமாக வந்தவர்களைத் துப்பாக்கி எதிர்கொண்டது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். தண்டவாளம் மறுபடி நகர்ந்தது. 1859-இல் அதே வட்டாரத்தில் காலரா வந்து ரயில் கூலிகள் ஏறத்தாழ 4,000 பேரை வாரிக்கொண்டு போனது. தங்கள் சீஃப் இஞ்சினியர் ஜார்ஜ் டர்ன்புல்லின் பெயரைப் புத்தகங்களில் தேடினால் கிடைக்கிறது. அந்த நாலாயிரத்தில் ஒரு பெயர் எங்கே இருக்கிறது? இந்த இடத்துக்கு ஒட்டக்கூடிய அடைமொழி எந்தப் பாராட்டு மடலிலும் இல்லை. திட்டுவதற்குரிய சொல் எங்களிடம் ஏராளம் உண்டு, சபை நாகரிகம் கருதி விடுகிறேன்.

1862-இல் ஹவுராவில் தங்கள் தொழிலாளர் 1,200 பேர் வேலையை நிறுத்தினார்கள். கேட்டது ராஜ்ஜியம் அல்ல, எட்டு மணி நேர வேலை. சிகாகோவில் தொழிலாளர்கள் இதையே கேட்டு ரத்தம் சிந்தியதற்கு 24 வருஷம் முன்பு. அதை அன்றைக்கே எழுதிவைத்தது ‘சோமப்பிரகாஷ்’ என்ற வங்காளிப் பத்திரிகை.

மருத்துவ மாமணிகளே!

வங்காளம் தண்ணீர் நாடு. வெள்ளம் வரும், வயலில் வண்டலை விட்டுவிட்டு வடிந்து போகும். தாங்கள் குறுக்கே மண்ணைக் கொட்டி மேடு கட்டினீர்கள். மதகுக்கும் சிறுபாலத்துக்கும் செலவழிக்க மட்டும் மனம் வரவில்லை. தண்ணீர் தேங்கியது, கொசு பெருகியது, பர்த்வான் காய்ச்சல் ஊர் ஊராகக் காலி செய்தது. 1864-இல் போட்ட கொள்ளைநோய்க் கமிஷனில் இருந்த ஒரே இந்தியர் திகம்பர் மித்ரா. ரோடும் ரயில் மேடும் வடிகாலை அடைத்ததுதான் வினை என்று அவர் சொன்னார். வாசல் சாக்கடை அடைத்தால் வீட்டுக்குள் என்ன ஆகும் என்று எந்தப் பாட்டியும் சொல்லிவிடுவாள், துரைமாருக்கு அது ஏறவில்லை. 1925-இல் வங்காளப் பொதுச் சுகாதார இயக்குநர் பென்ட்லி துரை, மேடுகள் தண்ணீரை மறித்ததையும் மலேரியாவையும் முடிச்சுப் போட்டு ஒரு புத்தகமே எழுதினார். வெள்ளைத் தோல் சொன்னால்தான் விஞ்ஞானம் என்று வைத்துக்கொண்டாலும், அறுபது வருஷம் தாமதம்.

பயணிகளின் தோழர்களே!

ஜாதி பார்க்கிற இந்து ரயிலேற மாட்டான் என்று லண்டனில் சிலர் ஜோசியம் சொன்னார்கள். முதல் நாலு மாதத்துக்குள் ஏறியவர்கள் 1,09,634 பேர். அதில் 83,118 பேர் மூன்றாம் வகுப்பு. ஹூக்ளி வரை முதல் வகுப்புக்கு 3 ரூபாய், மூன்றாம் வகுப்புக்கு 7 அணா. தங்கள் பயணி வரும்படி அந்த ஏழு அணாக்காரன் முதுகில்தான் நின்றது. அவனுக்குத் தாங்கள் செய்த மரியாதை? அவனை அடைத்த பெட்டிக்கு அன்று ‘டிரக்’ என்று பெயர்.

1909-இல் ஒகில் சந்திர சென் என்பவர் தங்கள் சாஹிப்கஞ்ச் ஆபீசுக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினார். பலாப்பழம் தின்று வயிறு உப்பியது. அகமதுபூர் ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கினார். கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பு, மறு கையில் வேட்டி, ஓடும்போது இடறி விழுந்து, பிளாட்பாரத்தில் ஆணும் பெண்ணும் பார்க்க மானம் போனது. ரயிலும் போனது. கார்டுக்குப் பெரிய அபராதம் போடுங்கள், இல்லாவிட்டால் பத்திரிகைக்கு எழுதுவேன் என்று முடித்திருந்தார். கீழ் வகுப்புப் பெட்டியில் கக்கூஸ் வைக்கும் யோசனை இதற்குப் பிறகுதான் வந்தது என்று ரயில்வேக்காரர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். அவருடைய இங்கிலீஷைப் படித்துவிட்டு இன்றும் நாம் சிரிக்கிறோம். வண்டி ஓடத் தொடங்கி 55 வருஷம் ஆகியும், டிக்கெட் வாங்கியவனுக்கு வயிறு என்று ஒன்று உண்டு என்பது தெரியாத நிர்வாகத்தைப் பார்த்தல்லவா சிரித்திருக்க வேண்டும்?

சுதேசித் தொழிலின் காவலர்களே!

ராணிகஞ்ச் நிலக்கரிக்கு ரயில் வேண்டும் என்று வங்காள முதலாளி துவாரகநாத் தாகூர் கிளம்பினார். மூலதனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டித் தருவதாகவும் சொன்னார். 1846-இல் அவர் லண்டனில் காலமானார், அந்தத் திட்டம் தங்கள் பைக்குள் போனது. முதல் ரயிலுக்குப் பெட்டி மூழ்கிப் போனதும் என்ன செய்தீர்கள்? கல்கத்தாவிலேயே பெட்டி செய்துகொண்டீர்கள். ஆக, இங்கே செய்ய முடியும் என்பது முதல் நாளே ருசுவாகிவிட்டது. அப்புறமும் இஞ்சினுக்குக் கடல் கடந்துதான் ஆர்டர் போனது. தங்கள் ஜமால்பூர்ப் பட்டறை 1862-இல் தொடங்கியது. அங்கே ஓர் இஞ்சினை முழுசாகச் செய்ய 1899 ஆனது. 37 வருஷம் அந்தக் கைகளுக்குப் பெரும்பாலும் ரிப்பேர் வேலைதான்.

விடைபெறத் தெரியாத விருந்தினர்களே!

1879 கடைசியில் சர்க்கார் தங்களிடமிருந்து ரயிலை விலைக்கு வாங்கியது. நிலம் எங்களுடையது, உழைப்பு எங்களுடையது, அதுவரை வட்டியில் குறைந்ததை நிரப்பியதும் எங்கள் வரி. இருந்தும் 100 பவுண்டுப் பங்குக்கு 125 பவுண்டு என்று விலை பேசி, மொத்தம் 3,27,50,000 பவுண்டு எழுதிக்கொண்டீர்கள். அதை வருஷாந்தரத் தவணையாகப் பிரித்துக் கடைசித் தவணையின் தேதியை 1953 என்று குறித்தீர்கள். சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம் 1947-இல் மூட்டை கட்டிவிட்டது. தங்கள் பத்திரத்துக்கு அதற்கு மேலும் ஆறு வருஷம் ஆயுள் எழுதியிருந்தது.

விற்ற பிறகாவது கிளம்பினீர்களா? ஐந்தில் ஒரு பங்குத் தொகையை உள்ளேயே வைத்துக்கொண்டு, விற்ற ரயிலுக்கு மேனேஜராக உட்கார்ந்து, லாபத்திலும் பங்கு வாங்கினீர்கள். 1924 டிசம்பர் 31 வரை நாற்காலியை விட்டு எழவில்லை. வீட்டை விற்றவன் கூடத்திலேயே பாய் விரித்துப் படுத்த கதை வேறெங்கும் கேட்டதில்லை.

ஆசான்களே!

தங்கள் பாதையில் இன்று வேறு வண்டிகள் ஓடுகின்றன. ஓட்டுகிறவர்களும் நாங்களே, கூரை மட்டும் வைத்த பிளாட்பாரத்தில் குளிரில் சுருண்டு படுப்பவர்களும் நாங்களே. அதற்கெல்லாம் தங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், எங்கள் பழியை நாங்களே சுமக்கிறோம். ஆனால் தாங்கள் கற்றுக் கொடுத்த அந்த ஒரு பாடத்தை எங்கள் ஆட்சியாளர்கள் மறக்கவே இல்லை: லாபம் என்றால் தனியாருக்கு, நட்டம் என்றால் ஊருக்கு. 1990-களில் மராட்டியத்தின் டாபோலுக்கு என்ரான் கம்பெனி மின்சாரம் தயாரிக்க வந்தபோது, போட்ட பங்கு முதலுக்கு 16 சதவீத லாபக் கணக்கும் மத்திய சர்க்காரின் ஜாமீனும் தயாராக இருந்தன. தாங்கள் ஐந்தோடு நின்றவர்கள், பாவம், அடக்கமான மனுஷர்கள். மின்சாரமே வாங்காத மாதத்துக்கும் நிலைக்கட்டணம் கட்டும் ஒப்பந்தங்களை இன்றும் எங்கள் மின்வாரியங்கள் சுமக்கின்றன. கையெழுத்துப் போடுகிறவருக்கு மாலை விழுகிறது, பில் எங்கள் வாசலுக்கு வருகிறது.

ஆகவே, நாட்டுக்குச் சேவை செய்ய வந்தேன் என்று எவர் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றாலும், வெள்ளையரோ கறுப்பரோ, வெளியூரோ உள்ளூரோ, நாங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நட்டம் யார் தலையில் என்று எழுதியிருக்கும் பக்கத்தை முதலில் காட்டு. காட்ட மறுக்கிறவனுக்குச் சால்வை கிடையாது.

தங்களுக்கும்தான். இந்த மடலின் அச்சுக்கூலியைத் தங்கள் பெயரில் பற்று எழுதியிருக்கிறோம். 5 சதவீத வட்டி சேர்த்து.

இங்ஙனம்,
தங்கள் தர்மத்துக்குத் தவணை கட்டியவர்கள்