ஸ்கூல் கேட் தாத்தா

எல்.கே.ஜி.யில் குழந்தை சேர்ந்ததும் வீட்டில் யாருடைய வாழ்க்கை அதிகம் மாறுகிறது என்று கேட்டால் ஊரே அம்மாவைக் காட்டும். காலை ஆறு மணிக்குக் கத்தும் குக்கர், காணாமல் போன ஒற்றைச் சாக்ஸ், இட்லியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விழுங்க மறுக்கும் குழந்தை என்று அதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு ஏற்கெனவே இருந்த வேலையோடு இன்னும் கொஞ்சம் வேலை கூடுகிறது, அவ்வளவுதான். புதிதாக ஓர் உத்தியோகமே கிடைப்பது தாத்தாவுக்கு. பகலில் தமிழ்நாட்டு நகரங்களின் ஏதாவது ஒரு நர்சரிப் பள்ளிக்கு முன்னால் போய் நின்றால் அவரைப் பார்க்கலாம். தேய்த்த அரைக்கைச் சட்டை, பையில் பேனா, கழுத்தில் பேத்தியின் படம் ஒட்டிய அட்டை, கையில் குடை. சித்திரையிலும் குடை உண்டு. பள்ளி விடுவது பன்னிரண்டேகாலுக்கு. அவர் பதினொன்றேகாலுக்கே வந்துவிட்டார்.

இது தற்செயலாக நடப்பது போலத் தெரிந்தாலும் இதற்குப் பின்னால் ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. இந்தத் தாத்தா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த 1970 வாக்கில் பல ஊர்களில் பிறப்புச் சான்றிதழை யாரும் கேட்டதில்லை. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். விரல் பட்டால் வயது ஐந்து. பட்டது என்று ஹெட்மாஸ்டருக்குத் திருப்தி ஏற்பட்டதும், ஜூனில் ஐந்து முடிந்திருக்கும்படி ஒரு தேதியை அவரே பதிவேட்டில் எழுதிக்கொள்வார். ஆவணியில் பிறந்தவரும் தையில் பிறந்தவரும் ஒரே நாளில் மே மாதத்துப் பிள்ளைகள் ஆனது இப்படித்தான். அந்தத் தேதி எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறி, அங்கிருந்து பணிப்பதிவேட்டுக்குப் போய், கடைசியில் ஆளை வீட்டுக்கு அனுப்பியது. அரசு ஊழியரின் ஓய்வு வயதைத் தமிழக அரசு 2020-ல் 58-லிருந்து 59 ஆக்கியது, மறு ஆண்டு 60 ஆக்கியது. வருஷம் தள்ளிப்போனதே தவிர மாதம் மாறவில்லை. மே 31 வந்தால் அலுவலகத்துக்கு அலுவலகம் மாலை, சால்வை, வழியனுப்பு விழா. பள்ளிகள் திறப்பதோ ஜூனில். 'பிற்பகல் ஓய்வு' என்று ஆணை வாங்கியவர் ஒரு வாரத்துக்குள் இன்னொரு கேட்டில் முற்பகல் பொறுப்பேற்கிறார். காதைத் தொடவைத்த ஹெட்மாஸ்டர் இந்த இரண்டாவது நியமனத்துக்கும் சேர்த்தே தேதி போட்டிருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

உத்தியோகம் என்பது மிகை என்று நினைப்பவர்கள் அந்தக் கேட்டருகே அரை மணி நேரம் நிற்கட்டும். முதலில் அடையாள அட்டை. சர்வீஸ் முழுக்க அலுவலக அட்டையை மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தவர், 'அழைத்துச் செல்பவர்' என்று அச்சிட்ட இதை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். அடுத்தது பணிமூப்பு. பள்ளிச் சுவரோரம் வேப்பமர நிழலில் ஒரு சிமெண்டுத் திண்டு. நாலு பேர் உட்காரலாம். யு.கே.ஜி. தாத்தாக்கள் உட்காருவார்கள், எல்.கே.ஜி. தாத்தாக்கள் நிற்பார்கள். வெளியில் யார் என்னவாக இருந்தார் என்பது இங்கே செல்லாது. ஓய்வுபெற்ற தாசில்தார் வெயிலில் நிற்க, ஓய்வுபெற்ற கண்டக்டர் நிழலில் அமர்ந்து, "ஸ்போர்ட்ஸ் டே வெள்ளிக்கிழமைக்கு மாத்திட்டாங்க சார். வெள்ளை ஷூ இப்பவே வாங்கி வச்சிடுங்க, அப்புறம் சைஸ் கிடைக்காது" என்று அறிவுறுத்துவார். தாசில்தார் குறித்துக்கொள்வார். பிறகு கோப்பு. பேத்தி வெளியே வந்ததும் பை கைமாறும், வாட்டர் பாட்டிலை ஆட்டிப் பார்த்து, "தண்ணியே குடிக்கலையா நீ?" என்று விளக்கம் கேட்கப்படும், டைரி அங்கேயே திறக்கப்படும். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, 'நாளை மஞ்சள் நிறப் பொருள் ஒன்று கொண்டு வரவும்' என்ற வரியை இரண்டு தரம் படிப்பார். பெற்றோர் கையொப்பத்துக்கு விட்ட இடத்தில் தேதியுடன் ஒரு சுருக்கொப்பம் விழும். சாயங்காலம் மகன் வந்ததும் விஷயம் மேலிடத்துக்குப் போகும். "எலுமிச்சம்பழமா, வாழைப்பழமா? ரெண்டுலயும் சாதக பாதகம் இருக்குப்பா."

ஐப்பசி, கார்த்திகையில் இது அவசரகாலப் பணியாகிவிடும். மழைக்கு விடுமுறை விட வேண்டியவர் மாவட்ட ஆட்சியர். அறிவிப்பு ஆறு மணிக்கும் வரலாம், ஏழு மணிக்கும் வரலாம். ஐந்து மணிக்கே டிவி முன்னால் உட்கார்ந்து, கீழே ஓடும் எழுத்தில் தம் மாவட்டத்தின் பெயரைத் தேடுபவர் தாத்தா. பக்கத்து மாவட்டத்துக்கு விட்டு இங்கே விடாமல் போனால், "நம்ம கலெக்டர் புதுசு, நிலவரம் தெரியலை" என்று குறிப்பு எழுதுவார், வாயால்தான். விட்டுவிட்டால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதல் செய்தி அவருடையது. ஆனால் அன்று பதினொன்றேகால் ஆனதும் பாருங்கள், மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருப்பார். வீட்டுப்பாடத்தில் மட்டும் கொஞ்சம் தகராறு. லை, னை முதலிய எழுத்துகளுக்கு இருந்த துதிக்கையை அரசு 1978-ல் ஆணை போட்டு எடுத்துவிட்டது. அதற்குள் தாத்தாவின் கை படிந்துபோயிருந்தது. சர்வீஸ் முழுக்க அரசாணைக்குக் கட்டுப்பட்டவர் இந்த ஓர் ஆணையை மட்டும் இன்றுவரை அமல்படுத்தவில்லை. சிலேட்டில் அவர் எழுதிக் காட்டும் யானைக்கு எழுத்திலேயே துதிக்கை இருக்கும். "மாமா, மிஸ் தப்புன்னு போட்டுடுவாங்க" என்று மருமகள் அழித்து எழுதுவார். யானை இப்படித்தான் பொருத்தமாக இருந்தது என்பது என் சொந்த அபிப்பிராயம், அது போகட்டும்.

இதையெல்லாம் ரசிக்க முடியாமல் கோபப்படுபவர்கள் உண்டு. வாழ்நாளெல்லாம் உழைத்தவரைச் சம்பளமில்லாத ஆயா ஆக்கிவிட்டார்கள், வேன் காசை மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறி வருகிற பெரியவர் விஷயத்தில் அது முழுக்க நியாயம். அந்த வீட்டில் வேன் வைக்கத்தான் வேண்டும். மற்ற வீடுகளில் வேன் பேச்சை எடுத்துப் பாருங்கள். "பிள்ளைங்கள மூட்டை மாதிரி அடைக்கிறான். டிரைவர் செல்போன் பேசிக்கிட்டே ஓட்டறான், நானே பார்த்தேன்" என்று தொடங்கி, பள்ளி வாகனங்களுக்காக 2012-ல் வந்த சிறப்பு விதிகளில் உதவியாளர் கட்டாயம் என்பது வரை அவர் போய்விடுவார். பதவி பறிபோகும் என்ற நிலையில் யாரும் இவ்வளவு சட்டம் பேசத்தான் செய்வார்கள். இதைவிட உறுதியான சாட்சி, கேட்டுக்கு வராதவர்கள். மளிகைக்கடைத் தாத்தா வருவதில்லை. எழுபது வயதிலும் உட்கார அவருக்குக் கல்லா இருக்கிறது; பேரனைக் கூட்டிவரக் கடைப்பையன் போவான். நிலம் இருக்கிற தாத்தாவும் வருவதில்லை. 2019-ல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்தார்கள். கிராமத்துப் பிள்ளை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்துவிடும். தாத்தா அந்நேரம் வயலில் இருப்பார். பாசம்தான் கேட்டுக்கு இழுக்கிறது என்றால் இவர்களும் வந்திருக்க வேண்டும். பாசத்தில் இவர்கள் என்ன குறைந்தவர்களா? போவதற்கு இவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது.

பாட்டியை ஏன் விட்டுவிட்டாய் என்பது அடுத்த கேள்வி. பாட்டிக்கு யாரும் ஓய்வே கொடுக்கவில்லை, மறுநியமனம் எங்கிருந்து வரும்? தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே ஆய்வு செய்த கிறிஸ்டன் ஹாக்ஸ் முதலிய மானுடவியலாளர்கள், அங்கே வயதான பெண்கள் காட்டில் கிழங்கு தோண்டிவந்து பேரப்பிள்ளைகளுக்குக் கொடுப்பதைக் கவனித்தார்கள். பிள்ளைப்பேறு நின்ற பிறகும் பெண்கள் நெடுங்காலம் வாழ்வதற்கு இந்த உதவியே காரணமாக இருக்கலாம் என்று 1990-களில் எழுதினார்கள். ஆக, பாட்டியின் வேலை பரிணாமத்திலேயே உறுதி செய்யப்பட்டது. தாத்தாவுக்கென்று அவ்வளவு பேர் வாங்கிய கோட்பாடு எதுவும் கிடையாது. கோட்பாடு இல்லாத ஆள் வீட்டில் இருந்தால் என்ன ஆகும்? ஓய்வுக்கும் பள்ளி திறப்புக்கும் நடுவே இருந்த அந்த ஒரே வாரத்தில் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டப்பட்டது. கேஸ் சிலிண்டர் ஏன் இருபத்திரண்டு நாளில் தீர்கிறது என்று விசாரணை தொடங்கியது. "குழந்தையக் கூட்டிட்டு வர்றது நீங்கதான்" என்று வீட்டில் முதலில் தீர்மானம் போட்டவர் பாட்டி.

பள்ளி என்றால் குழந்தைக்கு எவ்வளவு பெரிய பிரிவு, அதைவிட்டுத் தாத்தாவைப் பற்றிப் பேசுவதா என்றும் கேட்கலாம். பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடிவிடுகின்றன. கேட் சாத்திய பிறகும் கம்பி இடுக்கில் பார்த்துக்கொண்டு நிற்பவர் இவர்தான். "ஐயா, நீங்க நின்னாதான் அது அழுவுது, கெளம்புங்க" என்று ஆயா வந்து அனுப்ப வேண்டியிருக்கிறது. மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற நாற்காலியும் மேஜையும் செய்து போட்டார். 1939-ல், தமது 69-ஆவது வயதில், சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். அவருக்குப் பிறகு குட்டி நாற்காலி உலகம் முழுக்கப் பரவியது. அறுபது தாண்டிக் கேட்டுக்கு வெளியே நிற்பவரின் முழங்காலுக்கு ஒரு பெஞ்சு போடலாம் என்று மட்டும் எந்தக் கல்வியாளருக்கும் தோன்றவில்லை.

எல்லாம் நாலு வருஷத்துக்குத்தானே, மூன்றாம் வகுப்பு வந்தால் "கேட்டுக்கு வராதே தாத்தா, அந்தக் கடைகிட்ட நில்லு" என்று பேத்தியே சொல்லிவிடுவாளே என்ற வாதம் மிச்சம் இருக்கிறது. சொல்லத்தான் செய்வாள். ஆனால் அரசு வேலை பார்த்தவருக்கு மாறுதல் புதிதா? ஓசூரில் மகளுக்கு ஒரு பையன் இருக்கிறான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. கேட்க ஜூலை 31-க்குள் மூன்று வயது நிரம்ப வேண்டும் என்பது தாத்தாவுக்கு மனப்பாடம். ஒதுக்கீடு தேவைப்படாத குடும்பம்தான், இருந்தாலும் விதி தெரிந்திருப்பது நல்லது. மகளுக்குப் போன் போட்டால் விசாரிப்பு வேறு திசையில் போகிறது. "அந்த ஸ்கூல்ல எல்.கே.ஜி. எத்தனை மணிக்கு விடறாங்க? பிள்ளைங்கள மெயின் கேட்ல விடறாங்களா, பின் கேட்லயா? மாப்பிள்ளைகிட்ட கேட்டுச் சொல்லும்மா." பையனுக்கு இப்போதுதான் ஒன்றரை வயது.