சும்மா நிற்பவர்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பொதுக்குழுவில் ஐந்தே நிமிடத்தில் பிரித்துக் கொடுத்துவிடுவார். லிஃப்ட் ஒருவருக்கு, குப்பை ஒருவருக்கு, தண்ணீர் எனக்கு. "இனிமே முழுப் பொறுப்பும் உங்களுது சார். நான் தலையிடவே மாட்டேன்." கைதட்டுவோம். சமோசா வரும். அதை எண்ணி வாங்கி வந்தவரும் அவர்தான்.

காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரிக்குச் சொல்லிவைத்திருப்பேன். கீழே இறங்கினால் எனக்கு முன்பே அங்கே நிற்பார். லுங்கி, டார்ச், சம்ப்பின் ஆழம் பார்க்கும் மூங்கில் குச்சி. "நீங்க பாருங்க சார், நான் சும்மா நிக்கறேன்." சும்மா நிற்பவர், ஹோஸை இன்னும் உள்ளே விடச் சொல்லி டிரைவரை அதட்டுவார். குச்சியை இறக்கி ஈரம் ஏறிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவார். போன லாரியின் கோட்டோடு ஒப்பிட்டு, "ரெண்டு விரக்கடை குறையுதே" என்பார். டிரைவர் என்னைப் பார்ப்பார். நான் பொறுப்பாளர் அல்லவா, குச்சியைத் துடைத்துக் கொடுப்பேன். "நோட்டுல எழுதிடுங்க சார்." எழுதுவேன். "கையெழுத்து புரியலையே" என்று அதே வரியை அதற்குக் கீழேயே எழுதுவார். மாடியேறி வந்து காபியை எடுத்தால் வாட்ஸாப்பில் செய்தி: "லாரி வந்ததா? பொறுப்பாளர் தெரிவிக்கவும்."

லிஃப்ட் பொறுப்பாளர் கதையும் இதுதான். குப்பைக்காரர் ராஜினாமாவே செய்துவிட்டார். கடிதத்தில் இருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார் செயலாளர்.

1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேராவது இருக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒன்பது பேர். கையெழுத்து ஒன்பது, ஆள் ஒன்று. சங்க அறையில் அவர் நாற்காலிக்குப் பின்னால் 517-ஆம் குறளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஒரு வேலையை இன்னார் முடிப்பார் என்று ஆராய்ந்தபின் அதை அவரிடமே விட்டுவிடச் சொல்லும் குறள். நம்மவர் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

மனிதர் தங்கம் என்பதையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் இல்லாத நாட்களில், இடுப்பளவுத் தண்ணீரில் போய் பால் பாக்கெட் வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுத்தவர். யாரிடமும் காசு வாங்கவில்லை.

ஆனால் போன மாதம் பேரனைப் பார்க்க புனே கிளம்பினார். அன்றைக்குப் பார்த்து மோட்டார் நின்றது. மோட்டார் ரூம் சாவி அவர் பையில். மெக்கானிக் நம்பர் அவர் போனில். போன் ஆகாயத்தில். முட்டி வலிக்காரர்கள் மூன்றாம் மாடிக்குக் குடம் சுமந்தார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

இறங்கியதும் பேசினார். "ஒரு நாள் நான் இல்லேன்னா ஒரு வேலையும் நடக்காதா சார்?"

நடக்காது சார். நடக்காதபடி நீங்கள்தான் செய்துவைத்திருக்கிறீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த மெக்கானிக் நம்பரையும் குரூப்பில் போட்டுவிடுங்கள், ஒரே ஒரு நாள் 'இனிய காலை வணக்க'த்துக்குப் பதிலாக.