எரிமலையின் அப்பா எழுதுவது

அனுப்புநர்: எரிமலையின் அப்பா, ஐந்தாம் வகுப்பு ‘பி’ பிரிவு, மேஜை எண் 14.
பெறுநர்: பள்ளித் தாளாளர் அவர்கள்.
பொருள்: அறிவியல் கண்காட்சியில் எனக்குக் கிடைத்த இரண்டாம் பரிசு தொடர்பாக.

ஐயா,

தேசிய அறிவியல் நாளன்று தங்கள் பள்ளிக் கண்காட்சியில் என் எரிமலைக்கு இரண்டாம் பரிசு கொடுத்தீர்கள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் சான்றிதழில் என் மகள் பெயர் இருக்கிறது. எழுத்துப்பிழை என்று நினைக்கிறேன். இரண்டு ராத்திரி கண்விழித்துப் பேப்பர் கூழ் பிசைந்தவன் நான். தீக்குழம்புக்குக் கேசரிப் பவுடர் கலந்தது அவள் அம்மா. மகளுக்குக் கொடுத்த வேலை, எதையும் தொடாமல் தள்ளி உட்கார்ந்திருப்பது.

முதல் பரிசு வாங்கிய சந்திரயான்மீது எனக்குப் பொறாமை இல்லை. அந்தத் தகப்பனார் இன்ஜினீயர். அவரோடு நான் மோத முடியுமா? அடுத்த ஆண்டு அப்பாக்களைத் தொழில்வாரியாகப் பிரித்துப் போட்டி வையுங்கள். பேன்சி ஸ்டோரில் “எரிமலையா, காற்றாலையா, மழைநீரா சார்?” என்று டிபன் கடை மாதிரி கேட்டு எடுத்துக் கொடுக்கிறார்களே, அந்த ரெடிமேட் ஆட்களுக்குத் தனி வரிசை போடுங்கள்.

ஏற்பாட்டில் குறை சொல்ல மாட்டேன். ‘பிளாஸ்டிக் இல்லா உலகம்’ என்பதை ஆளுயரத் தெர்மாகோலில் வெட்டி நிறுத்தியிருந்தீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டுக்கும் கப்புக்கும் தடை. எழுத்தை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது. மழைநீர் சேகரிப்பு மட்டும் ஆறு மேஜையில் இருந்தது. ஆறிலும் மொட்டைமாடிக் குழாய் ஒழுங்காகக் குழிக்குள் இறங்கியது. கட்டடத்துக்குக் கட்டடம் இது கட்டாயம் என்று 2003-இல் அரசு சொன்ன பிறகும், தங்கள் பள்ளிக் குழாய் சைக்கிள் ஸ்டாண்டு மேலேதான் கொட்டுகிறது. ஆறில் ஒன்றை எடுத்து அங்கே மாட்டிவிடலாம்.

வாசலில் சர் சி.வி. ராமன் படத்துக்கு மாலை போட்டிருந்தீர்கள். 1921-இல் கப்பலில் போகும்போது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தவராம். நல்லவேளை, கூட அப்பா யாரும் போகவில்லை.

என் உண்மையான புகார் நடுவராக வந்த அம்மாவைப் பற்றியது. பத்து மணிக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் பன்னிரண்டேகாலுக்கு வந்தார். அதுவரை “குட்மார்னிங் சார், மை ப்ராஜெக்ட் ஈஸ் வால்கேனோ” என்பதை என் மகள் நாற்பது தடவை சொல்லிப் பார்த்து ரெடியாக நின்றாள். இந்த அம்மாவோ நேராக வந்து, “இதை நீ எப்படிம்மா செஞ்சே?” என்று கேட்டுவிட்டார். மனப்பாடம் செய்து கொடுத்ததில் இது கிடையாது. “அப்பாதான் செஞ்சாங்க மிஸ், நான் தொடவே இல்ல” என்று சொல்லிவிட்டாள்.

அதோடு விட்டாரா? மேஜைத் துணிக்கு அடியில் ஏதோ சலசலப்பு கேட்டுக் குனிந்தார். எனக்குத் தெரியாமல் வீட்டிலிருந்து ஆப்பசோடாப் பொட்டலமும் நான்கு டம்ளரும் கொண்டுபோயிருக்கிறாள். எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், மோர், வெறும் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்து, ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறாள்: ‘எலுமிச்ச - வேகமா பொங்குது. புளி - பொங்குது, கலர் மாறுது. மோர் - புளிச்சா பொங்குது, இன்னிக்கு மோர் கொஞ்சம்தான். தண்ணி - சும்மா இருக்கு.’ சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள், சீருடையெல்லாம் மோர். அந்த அம்மாவும் சேலையோடு தரையில் உட்கார்ந்து, “மோரை நாளைக்கு வரைக்கும் வெச்சுப் பாத்தியா?” என்று கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். மேலே என் எரிமலை ஆறிக்கொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு மேஜைத் துணியைத் தரைவரை தொங்கவிட வேண்டாம். சான்றிதழையும் திருத்தித் தரவும்.

இப்படிக்கு,
எரிமலையின் அப்பா

பி.கு.: இளநீரில் சோடா போட்டால் பொங்குமா என்று மூன்று நாளாக நச்சரிக்கிறாள். கைடில் தேடினேன், இல்லை. தங்கள் அறிவியல் மிஸ்ஸிடம் கேட்டுச் சொல்லவும்.