விசா இல்லாமல் வந்த விருந்தாளி

2022 டிசம்பர் 9ஆம் திகதி, காற்று மாசு என்று நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடினார்கள். அருமையான முடிவு. வகுப்பறைக் காற்றுத்தானே கெட்டது? வீட்டு முற்றத்துக் காற்று வேறு. பிள்ளைகள் அன்று பொழுதுபட முற்றத்தில் கிரிக்கெட் அடித்து நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார்கள்.

மாசு இந்தியப் பக்கமிருந்து வந்ததாம். மாண்டஸ் புயல் இழுத்து வந்ததாம். தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்று எத்தனை காலம்! சுங்கத்தில் பெட்டி திறக்காமல் வந்திறங்கிய விருந்தாளியை முகஞ்சுளிக்கலாமா?

மன்னார்க்காரர் நாங்கள் விருந்தோம்பலில் குறை வைப்பதில்லை. நத்தார் நெருங்கினால் ஒட்டடை அடிப்போம், சுவருக்குப் பெயின்ட் பூசுவோம், பாலன் குடிலுக்குப் பழைய வைக்கோலைக் கூடத்தின் நடுவில் வைத்து உதறுவோம். முட்டு வருத்தக்கார மாமி தும்மித் தும்மி இன்ஹேலரைத் தேடுவா. "மாமி, சாம்பிராணி பிடியுங்கோ, நெஞ்சு லேசாகும்" என்று பக்கத்து வீட்டு அக்கா தட்டோடு வந்துவிடுவா. மருத்துவம் வாசல் தேடி வரும் ஊர்.

நிரந்தரத் தீர்வும் கைவசம் உண்டு. தென்கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகள் சும்மா காற்று வாங்கிக்கொண்டு நிற்கின்றன. அவற்றை விசிறியாக்கி மாசை வந்த வழியே ஊதிவிடலாம். கரண்ட் கொஞ்சம் செலவாகும். அதை அந்தக் காற்றாலைகளிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

திட்டம் நிறைவேறும்வரை, துப்புரவில் சேர்ந்த பிளாஸ்ரிக்கையும் பனையோலையையும் வாசலில் குவித்துக் கொளுத்திவிட்டு, மாஸ்க்கைச் சரிசெய்து, கடலைப் பார்த்து இந்தியாவைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.