மாதக் கடைசி காட்டும் வாழ்வியல் நெறிகள்: ஓர் ஆய்வு

தமிழில் ஆய்வுக்குப் பஞ்சமில்லை. சிலம்பு காட்டும் வாழ்வியல், குறுந்தொகை காட்டும் சூழலியல், எழுதியவரே மறந்துபோன நாவல் காட்டும் சமுதாயம் என்று ‘காட்டும்’ என்ற ஒரே சொல்லின் தயவில் பல்கலைக்கழக நூலகங்களில் அலமாரி அலமாரியாக ஆய்வேடுகள் நிற்கின்றன. இத்தனை பேர் இத்தனையைக் காட்டியும், 24-ஆம் தேதி இரவு விடுதி மாணவன் ஒருவனின் செல்பேசி காட்டும் 487 ரூபாய் 40 காசைத் திரும்பிப் பார்த்தவர் எவருமில்லை. அப்பெருங்குறையைக் களையவே இவ்வாய்வு எழுந்தது.

ஆய்வு எல்லை: சென்னையில் ஓர் ஆண்கள் விடுதியின் மூன்றாம் மாடி, குளியலறை தொடங்கி தண்ணீர் கேன் வரை. கருதுகோள்: பணம் இருந்தால் செலவு, இல்லாவிட்டால் அதைவிடச் செலவு. முதன்மை ஆதாரங்கள்: வங்கிக் குறுஞ்செய்திகள். துணைமை ஆதாரம்: மெஸ் நோட்டு. முன்னாய்வுகள் எவையும் கிடைக்கவில்லை. தேடவும் இல்லை, கிடைத்தால் படிக்க நேருமே.

முதலில் சொல்லாராய்ச்சி. ஓவர்டிராஃப்ட் என்பதை வங்கித் தமிழ் ‘மேல்வரைப்பற்று’ என்கிறது. ‘மிகைப்பற்று’ என்பாரும் உளர். பிந்தைய சொல்லுக்கு ‘அளவுக்கு மீறிய ஆசை’ என்று பொருள் கொள்ளவும் இடமுண்டு. வங்கி மேலாளர்கள் அப்படித்தான் கொள்கிறார்கள். இதன் வரலாறு 1728-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு எடின்பரோவில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, வில்லியம் ஹாக் என்ற வணிகர் தம் கணக்கில் இருப்பதற்கு மேல் 1,000 பவுன் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. அதற்கு முன்பே நம்மவர்கள் இதைச் செய்துவிட்டார்கள் என்று நிறுவக்கூடிய அறிஞர்கள் இங்கே உண்டு. அவர்களுக்கு ஒரு பானை ஓடும் ஒரு யூடியூப் சேனலும் போதும். இவ்வாய்வு அவர்கள் பிழைப்பில் கைவைக்கவில்லை.

இன்றும் பிரிட்டனில் கல்லூரியில் சேரும் உள்ளூர்ப் பிள்ளைக்கு வட்டியில்லா மேல்வரைப்பற்றோடு மாணவர் கணக்கு கொடுத்து வங்கிகள் வலை வீசுகின்றன. படிப்பு முடிந்த சில ஆண்டுகளில் அந்தச் சலுகை படிப்படியாக உருவப்படும். 2020 ஏப்ரலில் அந்நாட்டு நிதி ஒழுங்குமுறை அமைப்பு நிலையான கட்டணங்களை ஒழித்தபோது, பெரிய வங்கிகள் பலவும் சாதாரணக் கணக்கின் மேல்வரைப்பற்றுக்கு ஆண்டு வட்டி ஏறக்குறைய 40 விழுக்காடு என்று வைத்தன. இங்கிருந்து முதுகலை படிக்கப் போகிறவருக்கு அந்த வட்டியில்லாக் கணக்கு பெரும்பாலும் கிடைக்காது. அவருக்குக் கிடைப்பது குளிர்.

இந்தியாவில் நிலைமை வேறு. 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன் தன் கணக்கில் மேல்வரைப்பற்று உண்டு. 2018-இல் உச்சவரம்பு 5,000-லிருந்து 10,000 ரூபாயானது. 2,000 வரை நிபந்தனை கிடையாது. ஆனால் குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான், அதிலும் வீட்டுப் பெண்ணுக்கே முன்னுரிமை. ஆக, சட்டப்படி பார்த்தாலும் மாணவனின் மேல்வரைப்பற்று என்பது அம்மாதான். (அம்மாக்கள் கடுகு டப்பாவில் பணம் வைப்பார்கள் என்பதற்குத் திரைப்படச் சான்றுகளே கிடைக்கின்றன. களஆய்வில் கடுகு கிடைத்தது.)

வங்கி தராததை விடுதி தரும். அதன் பெயர் கைமாத்து. கை + மாற்று என்று பிரிக்கலாம். பொன்னின் தரத்தையும் ‘மாற்று’ என்பதால், இது நட்பை உரைத்துப் பார்க்கும் உரைகல் என்பது ஒரு கட்சி. ‘கை மாறிப் போனது, இனி வராது’ என்பதே பொருள் என்பது கடன் கொடுத்தவர்கள் கட்சி. வழக்கு நிலுவையில் உள்ளது.

இனி மாதத்தின் திணைப் பாகுபாடு.

முதல் தேதி தொடங்கி ஐந்து வரை குறிஞ்சி: பணத்தோடு கூடல். அப்பா அனுப்பியது வந்து ஏறும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு. மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்தும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்டிலிருந்தும் வருகிறது. இத்திணையின் கருப்பொருள் பிரியாணி.

முல்லை: இருத்தல். இருக்கிறது.

மருதம்: ஊடல். நடு மாதத்தில் அறை நண்பர்களுக்குள் நிகழ்வது. முன்பெல்லாம் யுபிஐ செயலியிலேயே ‘இத்தனை ரூபாய் அனுப்பு’ என்று எதிராளிக்கு வேண்டுகோள் அனுப்பலாம். அடுத்த கட்டிலில் படுத்திருப்பவன் வாய்திறந்து கேட்காமல் 62 ரூபாய்க்கு வேண்டுகோள் அனுப்புவான். இவன் அதைப் பார்க்காதவன்போல் சுவர்ப்பக்கம் புரண்டு படுப்பான். மோசடிக்காரர்கள் இந்த வசதியைக் கையாளவே, 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் தனிநபர்களுக்கிடையே அதை நிறுத்திவிட்டது. இப்போது வாயால்தான் கேட்கவேண்டும். ஊடல் பழைய மரபுக்குத் திரும்பியிருக்கிறது.

நெய்தல்: இரங்கல். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று திறந்து திறந்து பார்த்தல். இதற்கும் மேற்படிக் கழகம் வரம்பு கட்டியிருக்கிறது: 2025 ஆகஸ்ட் முதல் ஒரு செயலியில் நாளொன்றுக்கு 50 முறைதான் இருப்பைப் பார்க்கலாம். எட்டு மணி நேரத் தூக்கம் போக எஞ்சுவது 960 நிமிடம். வகுத்தால் 19 நிமிடம் 12 நொடிக்கு ஒருமுறை. ஐம்பத்தோராவது முறை பார்க்கத் துடிப்பவன் ஒருவன் எங்கோ இருக்கப் போய்த்தானே இவ்விதியே பிறந்திருக்கும்? அவனுக்குச் சிலை வைக்கலாம். இரண்டு செயலிகள் வைத்திருப்பவன் 9 நிமிடம் 36 நொடிக்கு ஒருமுறை பார்க்கலாம், தொகை அதேதான்.

பாலை: பிரிவு. இதற்குத் தனி இயல் தேவை.

பாலையின் தலைசிறந்த துறைக்குப் ‘பதின்மூன்று ரூபாய்த் துறை’ என்று பெயர். கணக்கில் 487 ரூபாய் 40 காசு. மெஸ் அக்கா ரொக்கம்தான் வாங்குவார். தெருமுனை ஏடிஎம்மில் 500 ரூபாய் நோட்டு மட்டும். 75 விழுக்காடு ஏடிஎம்களாவது 100 அல்லது 200 ரூபாய் நோட்டு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பர் இறுதிக்குள் கெடு வைத்தது உண்மை. இந்தத் தெருமுனை மீதி 25 விழுக்காட்டில் இருக்கிறது. இப்போது நடப்பது:

“மச்சி, பதிமூணு ரூபா அனுப்புடா.”

“எதுக்குடா?”

“ஐநூறு ரூபா எடுக்கணும்.”

“ஐநூறு எடுக்குறவனுக்கு நான் எதுக்குடா பதிமூணு தரணும்?”

இக்கேள்விக்குப் பொருளியலில் விடை இல்லை. பதின்மூன்று வருகிறது, ஐந்நூறு வெளியே வருகிறது, கணக்கில் 40 காசு நிற்கிறது. மெஸ் அக்கா நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “நூத்தி இருபதுக்கு ஐநூறா? போய் சில்லறை மாத்திட்டு வா தம்பி” என்கிறார். டீக்கடையில் இரண்டு டீ சொல்லி, குடித்தும் முடித்து, நோட்டை நீட்டினால், “சில்லறை இல்ல தம்பி, ஜிபே பண்ணிடுங்க” என்று க்யூஆர் அட்டையைத் திருப்பி வைக்கிறார் கடைக்காரர். கையில் ஐந்நூறு ரூபாய். கணக்கில் நாற்பது காசு. வயிற்றில் டீ. இரண்டாவது டீ யாருக்கு என்றால், பதின்மூன்று ரூபாய் அனுப்பியவனுக்கு. டீக் காசையும் அவனே ஜிபே பண்ணினான்.

இத்துறைக்கு ஒரே ஒரு கல்வெட்டுச் சான்று உண்டு. (214-ஆம் அறை, மேற்குச் சுவர், ஜன்னலுக்கு இடப்புறம், பென்சில், கடைசி வெள்ளையடிப்புக்கு முந்தைய அடுக்கு.) வாசகம்: ‘மச்சிக்கு 13’. அதில் 13-ஐ அடித்து, மேலே 37 என்று எழுதியிருக்கிறது. எது மூலபாடம், எது இடைச்செருகல் என்பதில் உரையாசிரியர்கள் அடித்துக்கொள்கிறார்கள். பழைய உரைகாரர் 13 என்றே கொண்டார். (மெஸ் நோட்டு, இரண்டாம் படி, சாம்பார்க் கறைக்குக் கீழ் நான்காம் வரி, ஓரக்குறிப்பு, குறிப்பின் பிற்பாதியைச் சட்னி கொண்டுபோயிற்று.) புதிய உரைகாரர் 37 என்கிறார். அவர் சொல்லும் காரணம் வலுவானது: போதிய இருப்பு இல்லாமல் ஏடிஎம்மில் கைவைத்தால் சில வங்கிகள் 20 ரூபாயும் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்த்து 23 ரூபாய் 60 காசு பிடிக்கும். தலைவன் நண்பனைக் கேட்குமுன் ஆசையில் ஒருமுறை ஐந்நூறு அழுத்திப் பார்த்திருக்கிறான். இருப்பு 463 ரூபாய் 80 காசாக இறங்கியது. பள்ளம் 36 ரூபாய் 20 காசானது. முழுதாக்கினால் 37. இரண்டு பாடமும் சரி. முதலாவது அறிவு, இரண்டாவது அனுபவம்.

இதற்கு எழுந்த மறுப்புரை மூன்றாம் மாடி வாட்ஸ்ஆப் குழுவில் நள்ளிரவு வெளியாகி, எழுதியவராலேயே நீக்கப்பட்டது. ‘இச்செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி மட்டும் இன்று எஞ்சியிருக்கிறது. அந்த ஒரு வரிக்கு மூன்று உரைகள் உள்ளன. மச்சி என்பது ஒருமையா பன்மையா, அண்மை விளியா சேய்மை விளியா என்று நாலாவது உரை ஒன்றும் தயாராகிறது. மச்சிக்குப் பணம் திரும்பி வந்ததா என்று நால்வரில் ஒருவரும் கேட்கவில்லை. உரை மரபில் அப்படிக் கேட்கும் வழக்கமில்லை.

இனிக் கருதுகோளை நிறுவவேண்டும். இருப்பைக் குறுஞ்செய்தியில் சொல்வதற்குச் சில வங்கிகள் காலாண்டுக்கு 15 ரூபாயும் வரியும், ஆக 17 ரூபாய் 70 காசு எடுக்கின்றன. பிடித்த செய்தியும் குறுஞ்செய்தியாகவே வருகிறது. குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான அபராதம் தனி. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் 2017 ஏப்ரலில் அதை மீண்டும் கொண்டுவந்த ஸ்டேட் வங்கி, நவம்பருக்குள் 1,771 கோடி ரூபாய் வசூலித்தது. அந்நிதியாண்டின் இரண்டாம் காலாண்டில் அவ்வங்கியின் நிகர லாபம் 1,581 கோடி. காசு உள்ளவர்களிடம் மூன்று மாதம் ஈட்டியதைக் காசு இல்லாதவர்கள் எட்டு மாதத்தில் தாண்டிக் காட்டினார்கள். 2020 மார்ச்சில் அவ்வங்கி அபராதத்தைக் கைவிட்டது. 2025-இல் கனரா, இந்தியன் வங்கி முதலியவையும் கைவிட்டன. தனியார் வங்கிகள் பலவற்றில் வழக்கம் தொடர்கிறது.

அபராதம் பிடித்துப் பிடித்துக் கணக்கு மைனஸில் போகக்கூடாது என்று 2014 நவம்பரில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. ஆகவே கணக்கு பூஜ்யத்தில் நிற்கும், பாக்கி பணம் வரும் வழியில் நிற்கும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஏறியவுடன் சில வங்கிகள் கட்டணம் என்று எடுத்துக்கொண்டதாகப் புகார் கிளம்பி, மாநில நிதியமைச்சர் கண்டன அறிக்கை விட நேர்ந்தது. மாணவன் இதிலிருந்து அறியவேண்டிய தொழில்நுட்பம் ஒன்றுண்டு: பாக்கியுள்ள பழைய கணக்குக்கு அப்பாவைப் பணம் போடச் சொல்லாதே. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு. கேட்டால்தான் தருவார்கள், கேட்டாலும் முதலில் வேறொன்றைக் காட்டுவார்கள்.

கடன் செயலிகள்: இவ்வகை நகைப்புக்குரியதன்று, ஆய்விலிருந்து நீக்கப்பட்டது.

மேலாய்வுக்குரிய களங்கள்: பெண்கள் விடுதியில் மருதத்திணை, ஷேர் ஆட்டோவில் சில்லறை, ‘நாளைக்குத் தரேன்’ என்பதில் ‘நாளை’ காலப்பெயரா வெறும் அசைச்சொல்லா என்பது.

இக்கட்டுரையை ஒரு பன்னாட்டுக் கருத்தரங்குக்கு அனுப்பியதில், படித்துப் பார்க்க எடுக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் ஏற்பு மடல் வந்துவிட்டது. பன்னாடு என்பது இங்கே தாம்பரத்துக்கு அப்பாலிருந்து வருவோரையும் குறிக்கும். பதிவுக் கட்டணம் செலுத்தினால் ஐஎஸ்பிஎன் எண்ணோடு தொகுப்பில் இடம். சான்றிதழ், மதிய உணவு உண்டு. கட்டணத்துக்குக் கடைசி நாள் 28. ஆய்வாளர் தற்போது பாலைத்திணையில் இருப்பதால், கடைசி நாளை முதல் தேதிக்குத் தள்ளிவைக்குமாறு அமைப்பாளர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறார்.