பூனை இழுத்த இழுப்புக்கு

பூனை முடி ஒன்று மூக்கில் ஏறிவிட்டால் ஆயுசுக்கும் இழுப்புதான் என்பது பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்தாரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட மருத்துவ உண்மை. நாங்கள் ஒருமனதாக எதையாவது ஏற்றுக்கொண்டிருப்பதே பெரிய சங்கதி. 1995-இல் பெரம்பலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். 2001-இல் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002-இல் சேர்த்தார்கள். 2007-இல் மறுபடி பிரித்தார்கள். இத்தனை பாகப்பிரிவினைக்கும் அசையாமல் நிற்பது பூனை முடி ஒன்றுதான். விஞ்ஞானம் இதில் சின்னத் திருத்தம் சொல்கிறது: குற்றவாளி முடி இல்லையாம், பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது முடியில் ஒட்டும் எச்சில் புரதமாம். ஊரில் இதைச் சொல்லிப் பார்த்தேன். “அப்ப எச்சியும் ஆகாது” என்று பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்.

பூனைக்கே இழுப்பு வந்தால் யார் முடியைக் குற்றம் சொல்வது என்று மட்டும் இதுவரை யாரும் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி சாம்பல் நிறத்தில், நாலேகால் கிலோ எடையில், குர்குர் என்று நடமாடிக்கொண்டிருக்கிறது. பெயர் கொண்டான்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயிலுக்கு வெளியே, கண் இரண்டும் பீளையில் ஒட்டிப்போய், மூக்கு ஒழுகக் கிடந்த குட்டி அது. மகள் துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டாள். கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்று ராஜேந்திர சோழனுக்குப் பட்டங்கள் உண்டு. இதற்குக் கங்கையையும் கடாரத்தையும் கொள்ளத் தெம்பில்லை. எங்கள் வீட்டைக் கொண்டது. எனவே பட்டத்தில் பாதி போதும் என்று விட்டுவிட்டோம்.

வீட்டில் ஏற்கெனவே இரண்டு நெஞ்சு வியாதிக்காரர்கள். அம்மாவுக்கு இழுப்பு. அப்பாவுக்குப் பீடி இருமல். அரியலூர்ப் பக்கம் சுரங்கத்துக்கும் சிமென்ட் ஆலைக்கும் இடையே சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியே தலை நரைத்தவர். குட்டியைப் பார்த்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்வி: “ஏண்டா தம்பி, வூட்ல இருக்கற இழுப்பு பத்தாதா?”

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சினை ஊசிக்கு வந்த பசு, குடற்புழு மருந்துக்கு வந்த ஆடுகள், நடுவே துணிப்பையில் தும்மிக்கொண்டு நாங்கள். பக்கத்தில் கிடாயைப் பிடித்திருந்த பெரியவர் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

“பூனைங்களா தம்பி? இது என்னா வெல போவும்?”

“விக்கறதுக்கு இல்லீங்க ஐயா.”

“பாலு?”

“குடிக்கும்.”

அவர் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கிடாயைத்தான் ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். குட்டியிலேயே பிடித்துக்கொள்ளும் ஹெர்பிஸ் கிருமி இது. பூனைகளுக்கான வகை, மனிதர்களுக்கு ஒட்டாது. ஆனால் வந்த இடத்தை விட்டுப் போகவும் போகாது. நரம்பு முடிச்சுக்குள் பதுங்கிக்கொள்ளும். பூனைக்கு மனக்கலக்கம் வரும்போதெல்லாம் வெளியே வந்து மூக்கை அடைக்கும். முதல் தாக்குதலில் மூக்குக்குள் இருக்கிற மெல்லிய எலும்பு மடிப்புகள் சிதைந்துவிட்டால், சளி தேங்கி, அதில் வேறு கிருமிகள் குடியேறி, ஆயுள் முழுக்க இந்தக் குர்குர்தான். முழுக்கக் குணமாக்க முடியாது, கட்டுக்குள் வைக்கலாம்.

“மனக்கலக்கம்னா என்ன மாதிரி டாக்டர்?”

“தீபாவளி வெடி, வீடு மாத்தறது, வீட்டுக்குப் புது ஆளுங்க வர்றது...”

மனைவி என்னைப் பார்த்தாள். அவளுடைய அண்ணன் குடும்பம் பொங்கலுக்கு வருவதாக இருந்தது. நான் வாயைத் திறக்கவே இல்லை. நோய் தானாக எனக்குச் சாதகமாகப் பேசியது.

மருந்து என்று எழுதிக் கொடுப்பது சுலபம். துண்டில் சுருட்டி, தலையைப் பிடித்து, வாயைத் திறந்து, மாத்திரையை உள்ளே தள்ளி, அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடாமல் ஊசிக்குழலில் தண்ணீர் புகட்டி முடிப்பதற்குள், மாத்திரை அதற்கும் டி.டி. ஊசி எனக்கும் என்று ஆகிவிடும். மூக்கடைத்த பூனை சாப்பிடவும் செய்யாது. அதற்கு ருசி என்பதே வாசனைதான். இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கே ஆபத்து. எனவே மத்தி மீனை வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் மூக்கருகே கொண்டுபோக வேண்டும். செவ்வாய், வெள்ளி கவுச்சி ஆகாது என்று மருமகள் வந்த நாளிலிருந்து சட்டம் போட்டிருந்த அம்மா, ஒரு வெள்ளிக்கிழமை கொண்டான் தட்டை மோந்துகூடப் பார்க்காமல் திரும்பிப் படுத்தபோது, “அடுப்ப பத்த வை, சாமி கண்ணுக்கு இதெல்லாம் தெரியாதா” என்றார். சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு மாவிளக்கும் நேர்ந்துகொண்டார். அந்தக் கோயில் நடை வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். கொண்டானுக்கு மூச்சு முட்டுவதோ பெரும்பாலும் செவ்வாய் இரவு. ஆக, ஆத்தாவின் பாரம் ஐந்து நாள் எங்கள் தலையில்.

இதற்குள் தெருவுக்கே செய்தி பரவி, கைவைத்தியம் வரிசையில் வந்தது. ஒருவர் தைலம் போட்டு ஆவி பிடிக்கச் சொன்னார். ஒருவர் நெஞ்சில் கற்பூரம் குழைத்துத் தடவச் சொன்னார். இன்னொருவர், காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் பாதி போதும் என்றார். எதிர்வீட்டு அம்மா எங்கள் மண்ணின் பெருமையான சின்ன வெங்காயத்தை நசுக்கிச் சாறெடுத்துத் தேனோடு கொண்டுவந்தே விட்டார். அத்தனை பேரும் அன்பில்தான் சொன்னார்கள். அத்தனையும் பூனைக்கு விஷம். பாராசிட்டமாலை முறிக்கிற சரக்கு பூனையின் ஈரலில் போதாது. ஒரு மாத்திரையே ஆளை முடித்துவிடும். யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும் அதற்கு ஆகாது. வெங்காயம் அதன் சிவப்பணுக்களை உடைத்துவிடும். செட்டிகுளத்திலிருந்து ஊரெல்லாம் லாரியில் போகும் வெங்காயத்தை எங்கள் வீட்டில் மட்டும் துப்பாக்கி மாதிரி உயரத்தில் வைத்துப் பூட்டுகிறோம். ஆவி பிடிப்பதில் தப்பில்லை, வெறும் வெந்நீர் ஆவி. குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, பூனையோடு நானும் உட்கார்ந்திருப்பேன். அலுவலகத்திலிருந்து அழைத்தால் மகள் எடுத்து, “அப்பா பூனையோட பாத்ரூம்ல இருக்காங்க” என்று உண்மையைச் சொல்லிவிடுவாள்.

தும்மலோடு போயிருந்தால் பரவாயில்லை. நாங்கள் குடியிருப்பது பெரம்பலூரில், சொந்த வீடு அரியலூரில் இருக்கிறது. விடுமுறைக்குப் போயிருந்தபோது கொண்டான் தரையோடு தரையாகப் பதுங்கி, கழுத்தை நீட்டி, ஹக் ஹக் என்று இருமத் தொடங்கினான். “முடி உருண்டை, கக்கிடும்” என்றாள் மகள். “எலி எலும்பு” என்றார் அம்மா. ஒன்றும் வரவில்லை. வாசலில் லாரி போகும்போதெல்லாம் வெள்ளைத் தூசி எழும்பி வேப்பிலையில் படிந்துகொண்டிருந்தது.

இந்தத் தூசியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. கிரெட்டேசியஸ் காலத்தில் அரியலூர் கடலடியில் கிடந்தது. அதில் வாழ்ந்த நத்தை, சிப்பி, அம்மோனைட் எல்லாம் படிந்து கல்லாகின. 1860-களில் தொடங்கி ஸ்டோலிச்கா என்ற அறிஞர் இந்தப் பகுதிச் சிப்பிகளையும் நத்தைகளையும் தொகுதி தொகுதியாக விவரித்து எழுதிவைத்தார். இந்தப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது. பெரம்பலூரில் மரம் கல்லாகும். அரியலூரில் கல் தூளாகும். உலகத்து ஆராய்ச்சியாளர்கள் சுத்தியலோடு தேடி வருகிற ஆறேழு கோடி ஆண்டுப் பழைய கடல் நத்தையை என் பூனை சாவகாசமாக இருமிக்கொண்டிருந்தது. “இந்தத் தூசியத்தான் நான் காலம் பூரா தின்னேன்” என்றார் அப்பா, பீடியைப் பற்றவைத்துக்கொண்டே.

படம் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் புறப்பட்டோம். பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது, ஆகவே பேருந்து. மடியில் மூடிய கூடை.

“கூடைல என்ன சார்?” என்றார் நடத்துநர்.

“பூனை.”

“கத்துமா?”

“தும்மும்.”

முன் இருக்கை அம்மா சட்டென்று திரும்பினார். பூனை குறுக்கே போனால்தான் காரியத் தடை. கூடவே பயணம் வந்தால் என்ன பலன் என்று அவருக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த நிறுத்தத்தில் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

எக்ஸ்ரே பார்த்ததில் மூக்கோடு நெஞ்சும் சேர்ந்துகொண்டது தெரிந்தது. ஆஸ்துமா. மனிதர்களுக்குக் கொடுக்கும் அதே இன்ஹேலர்தான்: தினமும் இழுக்க ஒன்று, மூச்சு முட்டினால் அவசரத்துக்கு சால்பியூட்டமால். குழந்தைகளுக்கு வைக்கும் ஸ்பேசரும் முகமூடியும் வேண்டும். தூங்கும்போது நிமிடத்துக்கு முப்பது மூச்சுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் யோசிக்கவே கூடாது, தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அன்றிரவு கடிகாரத்தோடு குனிந்து எண்ணிக்கொண்டிருந்த என்னிடம் மனைவி கேட்டாள்: “என்னங்க, கல்யாணம் ஆன நாள்லருந்து என் மூச்ச ஒரு தடவ எண்ணியிருப்பீங்களா?” எண்ணுவதை விட்டுவிட்டுப் பதில் சொல்வதா, பதிலை விட்டுவிட்டு எண்ணுவதா என்று தெரியாமல் இருபத்தி இரண்டில் நின்றுபோனேன்.

மருந்துக் கடையில் இன்னொரு விசாரணை.

“பேஷன்ட் பேரு?”

“கொண்டான்.”

“வயசு?”

“நாலு.”

“வெயிட்டு?”

“நாலேகால் கிலோ.”

பையன் பேனாவைக் கீழே வைத்தான். “நாலு வயசுக்கு நாலேகால் கிலோவா? சார், அங்கன்வாடில பதிஞ்சிருக்கீங்களா, இல்லையா? சத்துமாவு குடுப்பாங்களே!” கடையில் நின்றவர்கள் எல்லாம் என்னை, பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறவனாகப் பார்த்தார்கள். பூனை என்று சொன்னதும் அந்தப் பார்வை மாறியது. நல்லபடியாக மாறியது என்று சொல்ல முடியாது.

அம்மா இழுப்பதும் சால்பியூட்டமால்தான். இரண்டு டப்பாவும் ஒரே நீலம். மாறிவிடக் கூடாதென்று அம்மா தன்னுடையதற்குக் குங்குமம் வைத்துக்கொண்டார். முகமூடியின் விளிம்பில் மீன்சாறு தடவிப் பழக்கியதில், கொண்டான் நாளடைவில் தானே வந்து உட்கார்ந்து, முகத்தைக் கொடுத்து, ஏழெட்டு மூச்சு நிதானமாக இழுக்கக் கற்றுக்கொண்டான். அம்மாவோ பஃபை வாயில் வைத்து, அழுத்தி, ஒரு நொடியில் முடித்துவிடுகிறவர். மருந்து தொண்டையில்தான் படிகிறது, ஸ்பேசர் வைத்து மெதுவாக இழுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தார்கள். பூனை இழுக்கிற அழகை எதிரே உட்கார்ந்து பார்த்த அம்மா, ஒரு நாள் சத்தமில்லாமல் தனக்கும் ஒரு ஸ்பேசர் வாங்கிவரச் சொன்னார். இப்போது காலையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து இழுக்கிறார்கள். “மொதல்ல அவன் முடிக்கட்டும்” என்று அம்மா காத்திருப்பதும் உண்டு.

பிறகு வீடு மாறத் தொடங்கியது. கொசுவர்த்திச் சுருள் போய் வலை வந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி வாசலோடு நின்றுகொண்டது. ஊதுபத்திக்குப் பதில் பூ. மிளகாய் தாளிக்கும்போது சன்னல் திறந்தாக வேண்டும். பவுடர் தடவ மகள் மொட்டை மாடிக்குப் போகிறாள். பெருக்குவதற்கு முன் தரையில் தண்ணீர் தெளிக்கிறோம். இவை ஒவ்வொன்றையும் அம்மாவுக்காகச் செய்யச் சொல்லி டாக்டர்கள் எத்தனையோ வருஷமாகச் சீட்டில் எழுதிக் கொடுத்ததுதான். “பாத்துக்கலாம்” என்று சொல்லியே அந்தச் சீட்டுகளைச் சாமி மாடத்தில் செருகிவைத்திருந்தோம். மனிதனுக்கு வியாதி வந்தால் அவன் குணம்தான் காரணம் என்று சுலபமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம்: குளிர்ந்த தண்ணீர் குடித்தாய், சொன்ன பேச்சு கேட்கவில்லை. பூனைமேல் அப்படிக் குற்றப்பத்திரிகை எழுத வழியில்லை. அதனால் வேறு வழியில்லாமல் காற்றைத் திருத்தினோம்.

அப்பாவின் பீடி கடைசிக் கோட்டை. டாக்டர் சொல்லி விடாதது, அம்மா அழுது விடாதது. கொண்டானுக்கு அப்பா மடிதான் கட்டில். பீடி பற்றவைத்தால் இறங்கிப் போவான்; அணைத்தால் வருவான். ஒரு வார்த்தை அறிவுரை கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது. அப்பா முதலில் திண்ணைக்குப் போனார், பிறகு தெருமுனைக்கு. முட்டிவலிக்காரருக்குத் தெருமுனை தூரம். பீடி குறைந்து குறைந்து நின்றேவிட்டது.

போன முறை நெஞ்சு டாக்டர் அசந்துபோனார். “பெரியவரே, நான் இத்தன வருஷம் கத்துனேன். இப்ப எப்படி விட்டீங்க?”

“வூட்ல ஒருத்தனுக்கு இழுப்புங்க. பொக ஆவாது.”

“பேரனுக்கா?”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “ஆமாங்க. கடைசிப் பேரன். நாலு வயசு.”

எடையைக் கேட்டுவிடப் போகிறாரே என்று நான் அவசரமாகச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.