பைனாகுலர் சித்தப்பா

பங்குனியில் சித்தப்பா வீட்டுக்குப் போகிறவர்கள் தூக்கத்தைச் சொந்த ஊரிலேயே முடித்துக்கொண்டு போய்விட வேண்டும். விடிகாலை நாலரைக்கு விளக்கைப் போட்டுவிடுவார். "எந்திரிண்ணே! நாரை ஒனக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?" பல் துலக்கியவர் பாதி, துலக்காதவர் பாதி என்று ஆறு பேர் காரில் அடைந்து, நெல்லையிலிருந்து கூந்தன்குளத்துக்குப் புறப்படுவோம்.

பைனாகுலர் சித்தப்பாக்களை அடையாளம் காண்பது எளிது. தலையில் இலைநிறத் தொப்பி, சட்டைப்பையில் முனை மழுங்கிய பென்சில். இமயமலை தாண்டி வரும் வரித்தலை வாத்து பயணத்தில் என்ன பாடுபட்டதோ என்று உருகுவார். சென்னையிலிருந்து நின்றுகொண்டே ரயிலில் வந்த எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். தூரத்து மரத்தில் நிற்பதைக் காட்டி, "அது இளசு. இன்னும் நிறம் ஏறல" என்பார். அண்ணன் மகள்கள் இருவரில் யார் இளசு என்பது மட்டும் இருபது வருடமாக அவருக்குக் குழப்பம்.

"பேசாதீங்க!" என்று அவர் கிசுகிசுத்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். கூந்தன்குளத்து மஞ்சள்மூக்கு நாரைகளோ வீட்டோரத்து மரங்களிலேயே கூடு கட்டுபவை. அவற்றுக்காகப் பட்டாசைக்கூட விட்டுவிட்ட ஊர் அது. ஆனால் குழாயடிச் சண்டையை விடவில்லை. அதெல்லாம் நாரைகளுக்குப் பழக்கம். எங்கள் இட்லிப் பொட்டலம் பிரிகிற சத்தம்தான் ஆகாதாம்.

"மணிமுத்தாத்துத் தண்ணி வந்து கொளம் நெறஞ்சாத்தான் இதுங்க வரும்" என்று விளக்கினார்.

சித்தி சட்னியை ஊற்றியபடியே சொன்னாள்: "வத்துன கொளத்துப் பறவை மாதிரி ஓடுறவங்க ஒறவே இல்லன்னு ஔவையாரே சொல்லியிருக்காளே. ஒங்க ரிட்டையர்மெண்ட் பணம் வந்த வருஷம் நம்ம வீட்டுல எத்தன நாரை எறங்குச்சு? கணக்கு இருக்கா?"

அப்பா சட்டென்று பைனாகுலரை வாங்கி வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஔவையார் கொஞ்சம் அவசரப்பட்டுட்டா. தண்ணி வந்ததும் திரும்பி வருதுல்லா? அதச் சொன்னாளா?" கோபமெல்லாம் பறவைகளுக்காகத்தான். எங்களுக்காக வாதாட ஆளில்லை.

மத்தியானம் அவர் குறட்டை விட்டபோது நோட்டைப் புரட்டினேன். கூடு இத்தனை, குஞ்சு இத்தனை என்று பக்கம் பக்கமாகக் கணக்கு. கடைசியில் அன்றைய தேதியிட்டு, "அண்ணன் குடும்பம்: வரவு 4. மூத்தவள் இளைத்திருக்கிறாள்."

இளைத்திருப்பது நான்தான். நான் இளையவள்.